எக்ஸ்ரே பிலிம் வைத்து அனுப்பிய அண்ணனுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நேற்றுச் சாயங்காலம் படகு கொச்சிக்குத் திரும்பிவிட்டது. கை இன்னும் டீசல் நாறுகிறது, இருந்தாலும் இதை எழுதிவிட்டுத்தான் தூங்குவது என்று உட்கார்ந்திருக்கிறேன். வந்த போன்களைப் பார்த்தால், பேப்பூரில் நாங்கள் மாட்டிக்கொண்ட கதை சூலூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. அதனால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: கடலில் எங்கள் பாய்மரப் படகின் எஞ்சின் பம்ப் கெட்டு, பொங்கல் சமயத்தில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேப்பூர் துறைமுகத்தில் மூன்று நாள் கிடந்தோம். பம்ப் போனது, பொங்கல் போனது, நாங்கள் மட்டும் போகவில்லை.

கயிறு கட்டி எங்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்களே, அந்த மீன்பிடிப் படகுக்காரர்கள் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. உரு என்கிற மரக்கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் மூன்று நாளும் குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொடுத்தார். என் மச்சினன் பம்பின் பழைய ஷாப்டை, அதாவது உள்ளே சுழலும் தண்டை, துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பொங்கல் கூட்டத்தில் கோழிக்கோட்டிலிருந்து கோவை வரை நின்றுகொண்டே போனான். புதியதை வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பினான். பொங்கல் நோம்பிக்குப் புருஷனும் இல்லை தம்பியும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாத என் வீட்டுக்காரிக்கும் சேர்த்து, இவர்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

காற்றுக்கும் ஒரு கும்பிடு போடணும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்ம ஊருக்குள் புகுந்து அம்மியைப் பறக்கவிடுகிறதல்லவா, அதே சந்து வழியாகத்தான் மார்கழி தையில் கிழக்குக் காற்று கடலுக்கு இறங்குகிறது. எஞ்சின் செத்துக் கிடந்த அன்று விடிகாலை, பொன்னானிக்கு நேரே அது பாயில் வந்து நிறைந்தபோது மச்சினன், "மதுக்கரைக் காத்துங்க மாமா" என்றான். அழுகையே வந்துவிட்டது.

இனி அண்ணன் கதைக்கு வருகிறேன்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெயரைப் போடவில்லை. "பேரப் போட்டீங்கன்னா அப்பறம் போட்டுக்காரனெல்லாம் இங்க வந்து நிப்பானுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் எத்தனை படகுக்காரன் இருப்பதாக நினைத்தாரோ!

பாய் இருக்கும்போது எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று நின்றுபோனால் எஞ்சின் வேண்டும், துறைமுக வாயில் நுழைய வேண்டும், பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும். அந்த எஞ்சினைக் குளிர வைப்பது கடல் தண்ணீரை இழுத்து விடுகிற சின்ன பம்ப். எங்கள் பம்பில், தண்ணீர் கசியாமல் தடுக்கிற வளையமான சீலின் ரப்பர் உதடு உரசி உரசி ஷாப்டில் பள்ளமே விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் மாட்டும். அதன் வழியே உப்புத்தண்ணீர் போய் பேரிங்கைத் தின்றுவிட்டது. பேரிங்கும் சீலும் கைவசம் இருந்தன, ஷாப்ட் இல்லை. உதிரி பாகம் விற்கிறவர்களைக் கேட்டால் முழு பம்பாகத்தான் வாங்கணும், 6 வாரம் ஆகும் என்றார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டது பட்டிப் பொங்கலுக்கு, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, முந்தின நாள் ராத்திரி. என்னை அவருக்கு முன்னே பின்னே தெரியாது. அளவெல்லாம் வெர்னியரில் பார்த்து ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெர்னியர் அளவ வெச்சு பேரிங் ஒக்காராதுங்க தம்பி. ஷாப்டயே குடுத்து உடுங்க, மைக்ரோமீட்டர்ல நா பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். கடைகள் எல்லாம் பூட்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறை பம்புக்கு வேலை செய்தபோது மிஞ்சிய 316 ரக எவர்சில்வர் ராடு ஒரு துண்டு வைத்திருந்தார். "304 போட்டா உப்புத்தண்ணி பொத்துடுமுங்க" என்று மச்சினனுக்குப் பாடம் வேறு. ஷாப்டில் கீ வே என்கிற நீளப் பள்ளம் வெட்டப் பக்கத்து மில்லிங் பட்டறைக்காரரை எழுப்பிச் சாவி வாங்கியிருக்கிறார். சாயங்காலம் பட்டியில் பொங்கல் வைப்பதற்குள் தோட்டத்துக்குத் திரும்பியும்விட்டார். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின் கரண்ட் வந்த பிறகு கிணற்று மோட்டார்களுக்கு ஷாப்ட் கடைந்தவராம் இவருடைய அப்பாரு, அதாவது தாத்தா.

இதுவரைக்கும் சொன்னது பெரிய உதவி. ஆனால் எனக்கு மறக்காமல் நிற்கப்போவது இது இல்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு மச்சினன் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தேன். கிரீஸ் தடவிய ஷாப்ட், சீல் உட்காரும் இடம் எமரி தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியது. கூடவே ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய ஒரு கறுப்புச் சுருள். விரித்தால் பழைய எக்ஸ்ரே பிலிம். டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் பாதி முழங்கால் தெரிகிறது! பொட்டலம் கட்ட வைத்திருப்பார் போல என்று ஓரமாகப் போட்டேன்.

அப்போது போன் வந்தது. "சீல் எத்தன இருக்குதுங்க?"

"ஒண்ணுதாங்ணா. இன்னொண்ண பழைய ஷாப்ட்ல மாட்டறப்ப கிழிச்சுட்டேன்."

"அதாங்க நெனச்சேன். கீ வே ஓரம் உதட்ட அறுத்துப்போடும். அந்தப் பிலிம ஷாப்ட்டு மேல சுத்துங்க, கிரீஸ் வைங்க, சீல அது மேல நழுவ உடுங்க, அப்பறம் பிலிம உருவிக்கோங்."

அப்படியே செய்தேன். சீல் கீ வேயைத் தாண்டிப் போனதே தெரியவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி.

அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. பழைய ஷாப்டைக் கொடுத்துவிட்டேன், அதே அளவுக்குக் கடைந்து கொடுத்தால் அவர் வேலை முடிந்தது. அவர் என் படகைப் பார்த்ததில்லை. ஆனால் நடு ராத்திரியில், ஆடுகிற படகில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருத்தன் இதை மாட்டும்போது எந்த இடத்தில் தவறு செய்வான் என்று யோசித்திருக்கிறார். யோசித்துவிட்டு, வீட்டில் போய்த் தேடி, கத்தரித்து, சுருட்டி வைத்திருக்கிறார். எஞ்சினோடு வந்த புத்தகத்தை நான் மூன்று தடவை படித்தவன். அதில் இது இல்லை.

எஞ்சினைப் போட்டபோது போனை வைக்கவிடவில்லை. படகின் பின்பக்கம் குழாய்ப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். "தண்ணி துப்புதுங்களா? இன்னும் கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க. ம். சரி, வெச்சுடுங்க, காத்தால மாட்டுக்குத் தீவனம் போடோணும்."

கூலி 300 ரூபாய் மட்டும் வாங்கினார். மேலே கொடுத்ததை மச்சினன் சட்டைப்பையிலேயே திணித்து அனுப்பிவிட்டார்.

இனி உதிரி ஷாப்ட் ஒன்றும் சீல் நான்கும் இல்லாமல் கொச்சியை விட்டு நகர்வதில்லை. மைக்ரோமீட்டர் பிடிக்கவும் கற்றுக்கொள்ளப்போகிறேன், அண்ணன் இடம் கொடுத்தால் அவர் பட்டறையிலேயே. வருகிற ஆயுத பூஜைக்குப் பொரியும் வாழைக்கன்றும் என் செலவு, அதை அவர் மறுக்கக்கூடாது.

அண்ணா, ஒன்று விட்டுப்போச்சு. அந்த பிலிமை டூல் பாக்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்றைக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் ஓரத்தில் ஒரு அம்மாவின் பெயர் இருப்பது தெரிந்தது. அண்ணியுடையதா? மூன்று நாளில் எத்தனை தடவை பேசினோம், ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அண்ணிக்கு முட்டி வலி இப்போது தேவலைங்களா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.