எந்த ஆயா?

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள உமையா,

பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் எப்படிப் பிடித்தோம் என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். நான் ஒரு தடவைகூடப் பதில் போடவில்லை. தப்புதான். போனில் சொல்லிவிடலாம் என்றால் பாதிப் பேச்சில் இங்கே அயித்தை கூப்பிடுகிறார்கள், அங்கே நீ காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘ம், ம்’ போடுகிறாய். போன மாதம் நான் சொன்ன துக்கச் செய்திக்கு ‘ரொம்பச் சந்தோஷம்’ என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அயித்தைக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது. வாக்கர் பிடித்துப் பட்டாலை வரை வந்து போகிறார்கள். இவுகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இரண்டாம் கட்டு ஓட்டை மழைக்கு முன்னால் மாற்றியாயிற்று. பங்காளிகளில் மூன்று பேர் பணம் அனுப்பினார்கள், ஒருவர் அனுப்பவில்லை. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சேதி அவ்வளவுதான்.

இனி நீ கேட்டது. உன் மருமகளுக்கு ஆவணியில் பிரசவம், பெங்களூரில் பிள்ளை பார்த்துக்கொள்ள நல்ல ஆள் எப்படிப் பிடிப்பது, நாங்கள் எப்படிப் பிடித்தோம் என்று கேட்டாய். அதற்கு முன்னால் சென்னையில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பேரனுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது மகளோடு போனேன் இல்லையா, போன மறுநாளே கீரை வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பி வரும்போது வாசலில் காவலுக்கு நின்ற பையன், ‘எந்த ஃபிளாட், யாரும்மா நீங்க?’ என்றான். ‘பதினோராம் மாடி, பிள்ளையோட ஆயா’ என்றேன். மகள் வயிற்றுப் பிள்ளைக்கு நான் ஆயா, நம் வழக்கத்தில் வேறு என்ன சொல்ல? அவன் ஒரு நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னான். பையைத் திறந்து காட்டச் சொன்னான். அப்புறம் பின்பக்கம் கையைக் காட்டி, ‘ஆயா எல்லாம் அந்த லிஃப்ட்’ என்றான்.

நான் மறுத்துப் பேசவில்லை, போய் ஏறிக்கொண்டேன். குப்பைக் கூடை, தண்ணீர்க் கேன், ஆறேழு பெண்கள். இருபது வயதுப் பிள்ளையிலிருந்து என் வயது அம்மா வரைக்கும் அங்கே ஆயா என்றுதான் பெயர். மூலையில் ஒரு பெண் சுவரில் தலையைச் சாய்த்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மாடி வந்ததும் பக்கத்துப் பெண் தோளைத் தட்டி எழுப்பிவிட்டாள். தினமும் தட்டுகிறவள்போலத்தான் தட்டினாள்.

மகளுக்கு வந்ததே கோபம். ‘என் அம்மாவைப் போய் அந்த லிஃப்டில் அனுப்புவதா’ என்று அசோசியேஷனுக்கு எழுதக் கிளம்பினாள். ‘என்னை அனுப்பினது தப்பு என்கிறாயே, அவர்களை அனுப்புவது மட்டும் சரியா?’ என்றேன். அன்று எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளைதான் சமாதானமாக, ஊரெல்லாம் சொல்கிற ஆயா போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல், உங்கள் ஆயா வேறு, அத்தை என்றார். நம்முடையது ‘ஆய்’ என்கிற தாயிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? தமிழ் டீச்சர் நீ இருக்கிறாய், தீர்ப்பை நீயே எழுது.

சரி, ஆள் பிடித்த கதைக்கு வருகிறேன். உன் மருமகளிடம் முதலில் லீவுக் கணக்கைக் கேள். 1961 பேறுகாலச் சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் ஆக்கியிருக்கிறார்கள். அதில் பிரசவத்துக்கு முன்னாலேயே 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முன்னால் எடுத்தது பின்னால் குறையும். என் மகள் உடம்பு முடியாமல் முன்னாலேயே எடுத்துவிட்டாள், அதனால் பிள்ளைக்கு ஐந்து மாதம் முடியும் முன்பே ஆபீஸ் கூப்பிட்டுவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. இவள் ஆபீசில் கேட்டதற்கு, வேறொரு காப்பகத்தோடு ஏற்பாடு இருக்கிறது என்று ஒரு முகவரி கொடுத்தார்கள். காரில் முக்கால் மணி நேரம். நான்கு தடவை எப்படிப் போய் வருவது?

அதனால் ஏஜென்சி. பதிவுக் கட்டணம், அதுபோக ஆளின் ஒரு மாதச் சம்பளம் கமிஷன், ஆள் பிடிக்காவிட்டால் இரண்டு தடவை மாற்றித் தருவார்களாம். மாற்றித் தருவது என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை, மிக்ஸி ஜாரா அது? முதலில் வந்த பிள்ளை வட மாநிலம். சமையல் வேலை என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். கைக்குழந்தையைக் கண்டதும் பயந்துவிட்டாள். பாஷையும் தெரியாமல் ஒன்பது நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். முதல் மாதச் சம்பளம் நேராக ஏஜெண்டுக்கே போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் கையில் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, மாப்பிள்ளையே சென்ட்ரலில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார்.

இரண்டாவது வந்தவரைப் பற்றித்தான் உன்னிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும், பல வீடு பார்த்தவர். குளிப்பாட்டுகிற நேர்த்தி நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட வராது. கால்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிள்ளை சிணுங்காது. மகள் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிற பாலை வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள், சென்னை வெயிலுக்கு உடனே உள்ளே வைத்துவிடுவதுதான் நல்லது, எடுத்தால் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்துச் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவில் கூடாது, மிச்சப் பாலை மறுபடி கொடுக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் வாரம் பிள்ளை மத்தியானத்தில் மூன்று மணி நேரம், மூன்றரை மணி நேரம் என்று தூங்க ஆரம்பித்தான். எழுந்தாலும் கண் சொருகியே இருந்தது. எனக்கு மனசு கேட்காமல் அவர் பையைப் பார்த்தேன். பார்த்தது சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. சளி மருந்து பாட்டில், பாதி காலி. டாக்டர் என்னை வைத்துக்கொண்டே சத்தம் போட்டார். அந்த மாதிரி மருந்தையெல்லாம் 4 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாதாம், மூச்சையே பாதிக்குமாம். பேரன் தப்பித்தான், அம்மன் காப்பாற்றினாள்.

அந்த அம்மாவைக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. ‘பெரியம்மா, ராத்திரி பூரா நான்தான் தூக்கி வச்சுக்கிறேன். பகல்ல பிள்ளை, துணி, பாட்டில் கழுவுறது. நான் வந்து பதினாறு நாளாச்சு. எனக்கும் ரெண்டு மணி நேரம் கண்ணை மூடணும்ல?’ என்றார்.

உமையா, எனக்கு நெஞ்சில் அடித்தது போலிருந்தது. அவர் செய்தது மன்னிக்க முடியாத காரியம், அன்றே அனுப்பிவிட்டோம். ஆனால் பதினாறு நாளும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை அவுன்ஸ் குடித்தான் என்று மகள் ஒரு நோட்டே போட்டிருந்தாள். அந்த அம்மா எப்போது தூங்கினார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி எனக்கு எங்கள் வீட்டுக் கருப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு மறந்திருக்காது. நாம் நாலாம் வகுப்பு, அவளுக்கும் நம் வயசுதான். என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். தம்பி ஒல்லியில்லை, அவள் இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்தே இருக்கும். எத்தனை வளவு வீடுகளில் அந்தக் காலத்தில் பிள்ளை தூக்க ஒரு பிள்ளை இருந்தது! மூன்று வேளைச் சோறு, பொங்கலுக்கு ஒரு பாவாடை. முகப்பில் விளையாட்டு நடக்கும்போது அவள் தூணோரம் நிற்பாள். நாம் ஒருநாளாவது வாடி என்று கூப்பிட்டிருக்கிறோமா? 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட 2006 அக்டோபர் ஆயிற்று. கருப்பாயி அதற்கு வெகு முன்பே பாட்டியாகியிருப்பாள்.

சரி, மூன்றாவது ஆள். அந்தச் சமயம் பார்த்துத்தான் அயித்தை விழுந்தார்கள், நான் ஓடி வர வேண்டியதாயிற்று. மகள் ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்த்து ஒப்பேற்றினாள். இங்கே நம் கீரைக்கார அம்மா மூலம் கிடைத்தவள் செல்வி. கல்லல் பக்கம். ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை, அதை அம்மாச்சி வைத்துப் பார்க்கிறது. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி. இந்தத் தடவை நான் ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். பிள்ளை வேலை மட்டும், வீடு துடைப்பது, பெரியவர்களுக்குச் சமைப்பது கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பிள்ளை தாய் தகப்பனோடு. மத்தியானம் பிள்ளை தூங்கும்போது அவளும் படுக்கலாம். சம்பளம் அவள் கணக்கிலேயே போட வேண்டும். ஹாலில் கேமரா இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆதார் நகல் போதும், அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தனித் தட்டு, தனி டம்ளர் என்ற பேச்சே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது.

இதெல்லாம் மகள் ஒப்புக்கொண்டாள். லீவில்தான் முட்டிக்கொண்டது. வாரம் ஒரு நாள் தருகிறேன் என்றாள், அது நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் கல்லல்காரிக்குச் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. மாதக் கடைசியில் நான்கு நாளைச் சேர்த்துக் கொடு, டிக்கெட்டும் நீ போடு என்றேன். ‘போனா திரும்பி வருவாளா அம்மா? வராட்டி திங்கட்கிழமை நான் என்ன செய்வேன்?’ என்று கேட்டாள். அந்தப் பயம் பொய்யில்லை. அந்த அபார்ட்மெண்டில் பாதிப் பேர் அந்தப் பயத்தில்தான் லீவே கொடுப்பதில்லை. நான் சொன்னேன், ‘தன் பிள்ளையைப் பார்க்க விடமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் ஒருத்தி சொல்லாமல் ஓடுவாள். அந்த நான்கு நாளும் நான் வருகிறேன்.’

சிங்கப்பூரில் இருக்கும் உன் தங்கையைக் கேட்டுப் பார். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அங்கே 2013-லேயே விதி வந்துவிட்டது. காசு கொடுத்து அந்த நாளை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்ததால், 2023 முதல் மாதம் ஒரு நாளையாவது காசுக்கு விற்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லேயே நலவாரியம் வந்தது. 18 முதல் 60 வயது வரை பதியலாம், விபத்துக்கு உதவி, பிள்ளை படிப்புக்கு உதவி, 60-க்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த லிஃப்டில் வந்தவர்களிடம் நான் கேட்ட வரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. செல்விக்கு இவுகளே பேப்பர்களைச் சேர்த்துப் பதிய ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது நான்கு மாதமாக எங்கள் ஏற்பாடு இதுதான். மாதக் கடைசியில் விடியுமுன் நான் இங்கே பல்லவன் ரயில் ஏறுகிறேன், மத்தியானம் எழும்பூர். செல்வி ஸ்டேஷனுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையோடு வந்துவிடுவாள். என்னிடம் கொடுத்துவிட்டு, பால் எந்நேரம், எந்தப் பக்கம் பல் வருகிறது எல்லாம் ஒப்பித்துவிட்டு, நான் வந்த அதே பல்லவன் சாயங்காலம் திரும்பும்போது அதில் ஏறிவிடுகிறாள். இங்கே வந்து சேர இரவு பத்து மணிக்கு மேல் ஆகும். அதற்கு மேல் கல்லல் பக்கம் பஸ் இல்லை. அதனால் நம் வீட்டு வளவுத் தாழ்வாரத்தில் படுத்துவிட்டு முதல் பஸ்ஸில் போவாள். அயித்தை அவளுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள் என்று இவுக போனில் சிரிக்கிறார்கள்.

அவள் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அம்மாச்சி சேலைக்குப் பின்னால் நின்றது, அப்புறம் கிட்டே வந்து, ‘அந்தத் தம்பிக்குப் பல்லு மொளச்சிருச்சா ஆச்சி?’ என்று கேட்டது. தினம் ராத்திரி வீடியோவில் பார்க்கிறதாம். நான் சீப்புச் சீடைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள், எழுத்து இன்னும் கூட்ட வரவில்லை. நீ ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும். உனக்குப் பிள்ளைகள் எப்படி மசியும் என்று எனக்குத் தெரியும்.

பேரன் செல்வியை என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு பேச்சு வந்தது. அத்தை என்று நான்தான் பழக்கிவிட்டேன். ஆயா இங்கே இருக்கிறேனே.

உன் மருமகளுக்கு ஆள் பார்க்கும்போது, பெங்களூர் ஆளா, ஊரிலிருந்து போகிற ஆளா என்று பார்த்து லீவைப் பேசச் சொல். முதல் பதினைந்து நாள் நீ கூட இரு. நீ கூட இருக்கும் அந்த நாட்களில், அந்தப் பெண் எப்போது சாப்பிடுகிறாள், எப்போது படுக்கிறாள் என்றும் பார்.

வருகிற வியாழக்கிழமைப் பல்லவனுக்கு எனக்கு டிக்கெட் போட்டாயிற்று. நான் இல்லாவிட்டாலும் நீ வெள்ளிக்கிழமை காலையில் தேவகோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தால் செல்வியை இங்கேயே பார்த்துப் பேசலாம், அவளோடு கல்லலுக்கும் போகலாம். வளவில் வடபக்கம் பாயில் படுத்திருப்பாள். நீ சீக்கிரம் வந்துவிட்டால் அயித்தையோடு பேசிக்கொண்டிரு, அவளை எழுப்பாதே.

உன்,
சிகப்பி