கருப்பட்டி விலை யாரு பைக்கு போகுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை கிராமத்து தொழில் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய வீட்ல எல்லாரும் படிச்சோம். மத்ததெல்லாம் சரி, நடுவுல ஒரு வரி மட்டும் மனச உறுத்துச்சு, பாரம்பரியம்னு பேர சொல்லி கருப்பட்டிய கிலோ ஐநூறுக்கு விக்கிறது கொள்ளைன்னு. அந்த விலைக்கு விக்கிற ஆள்ல நானும் ஒருத்தி, அதனால எழுதுறேன்.

நாங்க உடன்குடி பக்கம் தேரிக்காட்டு ஓரத்துல இருக்கோம், செம்மண்ணும் பனையும் உடைமுள்ளு காடும் தான் எங்க ஊரு. பனையேறுற ஏழெட்டு குடும்பத்துக்கிட்ட கருப்பட்டி வாங்கி பேக் பண்ணி விக்கிறோம், அவ்ளோதான் பிசினஸ். மெஷின் கிடையாது, ஃபேக்டரி கிடையாது.

முதல்ல கணக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு பத்து லிட்டர் பதனி வேணும், பதனின்னா பனை பாளைய சீவுனா வடியுற இனிப்பு சாறு. பதனி எறக்குற ஒரு ஆளு நாளைக்கு முப்பது நாப்பது மரம் ஏறணும், காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, ஏறி பாளைய சீவணும், கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவணும், சுண்ணாம்பு பத்தலன்னா புளிச்சி கள்ளாயிடும், கள்ளானா போலீஸ் பிரச்சனை வேற. இறக்குன பதனிய உடனே வடிகட்டி தாச்சில, அதான் காய்ச்சுற பெரிய சட்டில, ஊத்தி ரெண்டு மூணு மணி நேரம் காய்ச்சணும், பொங்கி வழியுற நேரம் ஆமணக்கு முத்த தட்டி போடுவாங்க, நுரை அடங்கிரும், அப்புறம் பதம் பாத்து சிரட்டைல ஊத்தணும். ஒரு நிமிஷம் பிந்துனா கருகிரும், முந்துனா இளகிட்டே கெடக்கும்.

இதுல காய்ச்சுறது பூரா பொம்பளைங்க வேலை. விடிலிக்குள்ள, அதான் காய்ச்சுற ஓலைக்குடிசைக்குள்ள, அந்த புகையில அந்த வெக்கையில நின்னு பாத்தா தான் தெரியும். ஆனா காலங்காலமா அந்த வேலைக்கு கூலின்னு ஒண்ணு யாருமே எழுதல, ஏறுறவரு கணக்குல எல்லாம் போயிரும். நாங்க காய்ச்சுகூலிய தனியா பிரிச்சு அந்த மதினிமார் அக்கவுண்ட்லயே போடுறோம். இதுக்கு ஊர்ல எங்களுக்கு கெடைச்ச பேரு "குடும்பத்த பிரிக்கிறவ". இருந்துட்டு போகட்டும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். கருப்பட்டில சீனி கலக்குறாங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க, டிவில காட்டுறாங்க. ஏன் கலக்குறாங்கன்னு யாரும் கேக்கல. பனையேறிக்கு பேராசைன்னு நெனைக்கிறீங்களா?

மாசி பங்குனில பதனி வர ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் ஓடும், அதுக்கப்புறம் மரத்துல வேலை இல்ல. ஐப்பசி கார்த்திகை மழைல வீட்ல அரிசி வாங்கணும், தீபாவளி வரும், யாருக்காவது உடம்பு சரியில்லாம போகும். அப்ப வியாபாரி அண்ணாச்சி தான் பணம் குடுப்பாரு. அது பேரு முன்பணம். வட்டி கூட இருக்காது, நல்ல மனுஷன்னு தான் தோணும், ஆனா சீசன்ல காய்ச்சுற கருப்பட்டி பூரா அவருக்கு தான் போடணும், அவரு சொல்ற விலைக்கு தான் போடணும். சித்திரை வைகாசில வரத்து கூடுன உடனே விலைய எறக்குவாரு. கடன் அப்படியே நிக்கும். அப்ப அந்த மனுஷன் என்ன செய்வான்? கடைல சீனி கிலோ 45 ரூபா கிட்ட கெடைக்குது, தாச்சில ரெண்டு கிலோ போட்டா எடை கூடும், கடன் கொஞ்சம் கொறையும். சில இடத்துல சீனி மூட்டைய விடிலி வாசல்லயே எறக்கி விட்டுட்டு போற ஆளும் உண்டு, இது எங்க பக்கம் சின்ன புள்ளைக்கு கூட தெரியும்.

அதனால கலப்படம் தாச்சில ஆரம்பிக்கல சார், கார்த்திகை மாசம் வாங்குன முன்பணத்துல ஆரம்பிக்குது. சுத்தமான கருப்பட்டி வேணும்னா முதல்ல அந்த பணத்த நிபந்தனை இல்லாம குடுக்க ஒரு ஆளு வேணும். நாங்க செய்றது அது தான். மழைக்காலத்துலயே பணம் குடுத்துருவோம், தை மாசம் எல்லாரையும் உக்கார வச்சு அந்த சீசனுக்கு ஒரே விலை பேசுவோம், வரத்து கூடுனாலும் எறக்க மாட்டோம். வேற யாராவது கூட தந்தா தாராளமா அங்க குடுங்க, முன்பணத்த மட்டும் மெதுவா திருப்பி தாங்கன்னு தான் சொல்லிருக்கோம். ஒரே கண்டிசன், தாச்சிக்குள்ள பதனியும் ஆமணக்கு முத்தும் தவிர வேற எதும் விழக்கூடாது. நீங்க சொன்ன ஐநூறு ரூபால பெரிய பங்கு போறது இந்த விலைக்கும் காய்ச்சுகூலிக்கும் தான்.

இதுக்கு பணம் எங்க இருந்து வரும்? பேங்க்ல கேட்டோம், மாசாமாசம் எவ்ளோ விப்பீங்கன்னு கேட்டாங்க. அஞ்சு மாசத்துல வாங்கி பன்னெண்டு மாசம் விக்கிற பொருளுக்கு என்ன பதில் சொல்றது. மகளிர் குழு கடன் வாங்குனா அடுத்த மாசமே தவணை ஆரம்பிச்சிரும், அப்ப கைல பைசா இருக்காது. ஏறுறவருக்கு பயிர்க்கடன் கேக்கலாம்னா அவரு மரத்த குத்தகைக்கு எடுத்து ஏறுறவரு, பட்டா வேற யாரு பேர்லயோ இருக்கு. கடைசில நகை தான் அடகுக்கு போகுது ஒவ்வொரு வருஷமும், ஆடிக்கு மேல வித்து வித்து திருப்புறோம்.

வாங்குன சரக்க காப்பாத்துறதும் லேசு இல்ல. மழை ஈரம் பட்டா கருப்பட்டி கசிஞ்சு ஒழுகிரும். எங்க ஆச்சி காலத்துல அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற மாதிரி அடுக்கி வைப்பாங்க, நாங்களும் அப்படி தான் வைக்கிறோம், புகை வாசனை வருதுன்னு ரிட்டர்ன் அனுப்புற கஸ்டமரும் இருக்காங்க. சுகர் உள்ளவங்க சாப்பிடலாமான்னு ஃபோன்ல கேக்காத நாள் இல்ல. இனிப்பு இனிப்பு தான், டாக்டர கேளுங்கன்னு சொல்லுவோம். டக்குன்னு வச்சிருவாங்க. கவர்ல "சர்க்கரை நோய்க்கு நல்லது"ன்னு ஒரு வரி போட்டா டபுளா விக்கும்னு எங்க மச்சினர் சொல்லிட்டே இருக்காரு, நாங்க போடல, போட மாட்டோம்.

அப்புறம் அந்த கட்டுரைல தண்ணில போட்டு பாருங்க, ஒடச்சு பாருங்கன்னு சுத்தம் கண்டுபிடிக்க வழி சொல்லிருந்தீங்க. அத நம்பாதீங்க. பதனில இருக்குற இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ், கரும்பு சீனியும் சுக்ரோஸ். நாக்குக்கோ தண்ணிக்கோ வித்தியாசம் தெரியாது. கரும்பும் பனையும் காத்துல இருந்து கார்பன் எடுக்குற விதம் வேற வேற, அத வச்சு லேப்ல ஐசோடோப் டெஸ்ட் பண்ணா கரும்பு சீனி கலந்தத புடிச்சிரலாம், தேனுக்கு இந்த மாதிரி டெஸ்ட் ஏற்கனவே இருக்கு. ஆனா அத எங்கள மாதிரி ஆளு கைக்காசு போட்டு ஒவ்வொரு தடவையும் பண்ண முடியுமா சொல்லுங்க.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு, அதான் இந்த ஊரு சரக்குக்கு மட்டும் தான் இந்த பேருங்கிற அங்கீகாரம், கெடச்சுது, எங்க ஊரே சந்தோஷப்பட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல கெடச்சுது. ஆனா பால்கோவாவுக்கு பால் தினமும் வரும், கடலை மிட்டாய்க்கு கடலை எப்பவும் கெடைக்கும். எங்களுக்கு வருஷத்துல அஞ்சு மாசம், அதுவும் மரம் ஏற ஆள் இருந்தா தான். ஏறுறவங்கள்ல முக்காவாசி பேருக்கு அம்பது வயசு தாண்டிருச்சு, புள்ளைங்க எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போயாச்சு. போகட்டும், தப்பு சொல்ல மாட்டேன், மரத்துல இருந்து விழுந்த அப்பாவ பாத்த புள்ள ஏன் ஏறணும். குறியீடு வந்த பிறகு ஊருக்கு சம்பந்தமே இல்லாத கடைல எல்லாம் உடன்குடின்னு போர்டு தொங்குது. பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல கவர்மெண்ட் அறிவிச்சுது, நல்லது. மரம் நிக்கும், ஏறத்தான் ஆள் இருக்காது.

நான் மானியம் கேக்கல. ஐப்பசில குடுத்து ஆடிக்கு மேல வாங்குற மாதிரி ஒரு கடன், கூட்டுறவு சங்கம் மூலமா, பட்டா கேக்காம, மரம் ஏறுறவர் பேர்லயும் காய்ச்சுறவங்க பேர்லயும். அது வந்தா எங்கள மாதிரி ஆளே நடுவுல தேவைப்படாது, அவங்களே வச்சிருந்து நல்ல விலைக்கு விப்பாங்க. ரெண்டாவது, கலப்படம் பாக்க அதிகாரிங்க சாம்பிள் எடுக்குறத விடிலில எடுக்காம கடைல எடுங்க, சீசன் இல்லாத மார்கழி தைல புதுக்கருப்பட்டின்னு சொல்லி குமிச்சு வச்சிருக்குற கடைல முதல்ல எடுங்க.

உங்க நிருபர் அடுத்த தடவ கருப்பட்டி பத்தி எழுதுனா விலை என்னன்னு கேக்குறதோட சேத்து இதுக்கு முன்பணம் குடுத்தது யாருன்னும் ஒரு கேள்வி கேக்க சொல்லுங்க. எங்க கணக்கு நோட்ட காட்ட நாங்க ரெடி. பங்குனிக்கு மேல காலைல எட்டு மணிக்குள்ள வந்தா காய்ச்சுறதையும் பாக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடன்குடி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.