ஆச்சி திருப்பித் தந்த துண்டுப்பிரசுரம்

அன்பின் மருமகனுக்கு,

நேற்றுப் பின்னேரம் எதிர்வீட்டு ஆச்சி வந்தார். கையில் உங்கள் பிரசங்கக் குழு கேற்றுக்குள்ளால் போட்டுவிட்டுப் போன துண்டுப்பிரசுரம், நாலாக மடித்தபடி. "பிள்ளை, இது உங்கட பெடியன் தவறவிட்டது போல" என்று தந்துவிட்டு, விளக்கு வைக்க நேரமாகிறதென்று போய்விட்டார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. முதல் வரியை வாசித்த எனக்குத்தான் கூசிப்போய்விட்டது. கல்லைக் கும்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கையாம்.

திருகோணமலையில் நின்று கல்லைப் பற்றி எழுதுகிறீர்களே! 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போயின. கோட்டை வாசலில் மீன் சின்னத்தோடு இருக்கிற கல்வெட்டை நீயும் சின்ன வயதில் தடவிப் பார்த்திருக்கிறாய். பிறகு திரும்பக் கட்டின கோயிலுக்கு ஆச்சி அந்த வாசலால்தான் போய் வருகிறார். இடித்தவர்களும் சிலுவையோடு வந்தவர்கள்தான்.

"போய் எல்லா மக்களையும் சீடராக்குங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையா மாமி?" என்று போனமுறை கேட்டாய். சொன்னார், மத்தேயு 28. ஒக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு வந்தால் உண்டியலில் காசு போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தவள் நான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படிப் போவது என்றும் அவர் சொல்லித்தானே அனுப்பினார்? பணப்பை வேண்டாம், எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சமாதானம் சொல்லுங்கள் என்றார். நீங்கள் வான் பிடித்து மைக்செற்றோடு போனீர்கள்.

புனித யோசேவாஸ் முனிவரை எடுத்துக்கொள். 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். ஒல்லாந்தர் காலம், கத்தோலிக்கக் குருவென்று தெரிந்தால் தொலைந்தார். பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார். மாலையை அடையாளம் கண்டவர்கள் தாங்களாகவே பேச்சுக் கொடுத்தார்கள். தமிழும் சிங்களமும் படித்தார். 1692இல் கண்டியில் உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஐந்து வருசத்தில் அதே கண்டியில் பெரியம்மை. வீட்டாரே விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை இவர் தேடிப்போய்ப் பராமரித்தார், செத்தவர்களைப் புதைத்தார். யார் என்ன சமயம் என்று பார்க்கவில்லை. சிறையில் போட்ட பௌத்த அரசனே பிறகு அவரை நம்பினான். 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது ரீவி முன்னால் உன்னை இருத்தினேன். நீ பாதியில் நித்திரை.

சுனாமிக்குப் பிறகு முகாமில் ஒரு கூட்டம் அரிசிப் பையோடு புத்தகமும் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். பசித்தவன் ஆமென் சொல்லத்தான் செய்வான். அதன்பிறகு நாங்கள் சும்மா சோறு கொண்டுபோனாலும் சனம் ஒரு மாதிரித்தான் பார்த்தது.

சரி, திட்டினது போதும். ஆச்சிக்குக் கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. பிள்ளைகள் கனடாவில். செவ்வாய்க்கிழமை கிளினிக், விடிய ஆறு மணிக்கே நம்பர் எடுக்க வேண்டும். ஓட்டோவில் நீ கூட்டிக்கொண்டு போ. துண்டுப்பிரசுரம் வேண்டாம். ஏன் வந்தாய் என்று அவர் கேட்டால் ஆண்டவரைப் பற்றித் தாராளமாகச் சொல்லு, ஒளிக்காதே. ஆனால் அவர் கோணேசர் கதை தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேள். கொஞ்சம் நீளமான கதை, வரிசையும் நீளம்தான்.

அன்புடன்,
மாமி