ஆண்டறிக்கை 2024–25: தியன் பியன் பூவின் எடைக் கணக்கு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடமேற்கு வியட்நாமின் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில், வியட்நாம் விடுதலை இயக்கமான வியட்மினிடம் பிரெஞ்சுக் காலனிப் படை வீழ்ந்து 2024 மே 7ஆம் தேதியோடு 70 ஆண்டு நிறைந்தது. அதையொட்டி ஆண்டு முழுக்க அந்த ஒரே பொருளை எடுத்துப் படிப்பதென்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. மாதக் கூட்டங்களும் வரைபடப் பயிற்சியும் நவம்பர் மாதக் கண்காட்சியும் அந்தத் தீர்மானத்தின்படியே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். கூட்டங்களுக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி, பேசித் தெளிந்த செய்திகளை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டத்திலேயே ஒரு திருத்தம் தேவைப்பட்டது. தியன் பியன் பூவில் வென்றது கொரில்லாப் படை என்று பொதுவாகச் சொல்கிறோம். பள்ளத்தாக்கைச் சூழ்ந்து நின்றவை 304, 308, 312, 316 என எண்ணிட்ட காலாட்படைப் பிரிவுகளும் 351ஆம் பீரங்கிப் பிரிவும். அதாவது முறையான படைகள். கொரில்லாக்கள் செய்த வேலை வேறு இடத்தில் இருந்தது. செந்நதி டெல்டாவின் ஊர்களில் அவர்கள் கண்ணிவெடி வைத்தும் பாலத்தை உடைத்தும் ஹனோய்–ஹைபோங் சாலையை அறுத்துக்கொண்டே இருந்ததால், பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி காவல் வேலையிலேயே கட்டுண்டு கிடந்தது. 1954 மார்ச் முதல் வாரத்தில் கியா லாம், காத் பி என்ற பிரெஞ்சு விமானதளங்களுக்குள் இரவில் புகுந்து, நின்றிருந்த விமானங்களை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் இவர்கள்தாம். முற்றுகைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்த விமானங்களே உயிர்நாடி. ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பிரெஞ்சுத் தளபதி நவார் ஏன் அந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு 1952 இறுதியில் நடந்த நா சான் சண்டையைப் பார்க்க வேண்டும். விமான ஓடுதளத்தைச் சுற்றி அரண் அமைத்து, எதிரியைத் தாக்கவிட்டு, அவனை அங்கேயே நொறுக்குவது என்ற முறை நா சானில் பலித்தது. லாவோஸ் செல்லும் வழியை அடைக்க அதே முறையை நம்பி, 1953 நவம்பர் 20 அன்று வான்குடை வீரர்களைத் தியன் பியன் பூவில் இறக்கினார்கள். நா சானில் முக்கியமான குன்றுகள் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. வியட்மினிடம் கனரகப் பீரங்கி இல்லை. தியன் பியன் பூவில் இரண்டும் மாறிவிட்டன. பள்ளத்தாக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளம், 6 முதல் 8 கிலோமீட்டர் அகலம். நடுவில் நாம் யூம் ஆறும் ஓடுதளமும் சில தாழ்ந்த குன்றுகளும் பிரெஞ்சுக்காரருக்கு; சுற்றிலும் எழுந்து நின்ற காட்டுமலைகள் எல்லாம் எதிரிக்கு. ஹனோயிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பிரெஞ்சுப் படைக்குத் தரைவழி அறவே இல்லை.

இந்த ஆண்டு நாங்கள் அதிக நேரம் செலவிட்டது எடைக் கணக்கில்தான். போரின் முடிவு அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரெஞ்சுப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 105 மி.மீ. குண்டு நேராக விழுந்தாலும் தாங்கும் பதுங்குகுழிக்கு மேலே இரண்டு அடுக்கு உத்தரம் வேண்டும். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இறுக்கிய மண். அதற்கும் மேலே கல்லோ மணல்மூட்டையோ. பத்துப் பேர் அடங்கும் ஒரு குழிக்கே ஏறத்தாழ 30 டன் பொருள் ஆகும். முகாம் முழுவதற்கும் 36,000 டன் தேவை என்று பொறியாளர் அதிகாரி கணக்குக் கொடுத்தார். ஒரு டக்கோட்டா விமானம் ஏற்றி வரக்கூடியது இரண்டரை டன், மிஞ்சினால் மூன்று. அப்படியானால் காப்புப் பொருளுக்கு மட்டும் 12,000 நடை. அவ்வளவு விமானமும் இல்லை, நாளும் இல்லை. வந்து சேர்ந்த சொற்பத்திலும் பெரும்பங்கு முள்கம்பி. பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளைப் பிரித்தும் மரங்களை வெட்டியும் மீதியைச் சமாளித்தார்கள். மரம் வெட்டியதில் இன்னொரு கேடு விளைந்தது: மறைப்பு போயிற்று. ஒவ்வொரு குழியும் மலைமேலிருந்து பார்ப்பவனுக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

பத்து ஷாஃபி டாங்கிகளையும் துண்டு துண்டாகப் பிரித்து விமானத்தில் கொண்டுவந்து ஓடுதளத்தின் ஓரத்தில் மறுபடி பூட்டினார்கள். மிகத் திறமையான வேலை அது. ஆனால் அதே எடைக்கு எத்தனை கூரை வந்திருக்கும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்வி நியாயமானது.

இனி வியட்மின் பக்கம். ஒரு சுமையாள் 25 கிலோ அரிசி தூக்குகிறார், நாளொன்றுக்கு 800 கிராம் சாப்பிடுகிறார், போக 15 நாள், திரும்ப 15 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் அவரே 24 கிலோவைத் தின்றுவிடுவார். முன்னணிக்குப் போய்ச் சேர்வது ஒரே ஒரு கிலோ. ஆயிரம் பேரை அனுப்பினாலும் பத்தாயிரம் பேரை அனுப்பினாலும் இந்த விகிதம் மாறாது. மனித முதுகை மட்டும் நம்பினால் இந்தப் போர் நடக்காது என்று பிரெஞ்சுத் தலைமையகம் எண்ணியதற்கு அடிப்படை இருந்தது. அந்தக் கணக்கை மாற்றும் வழிகள் இருந்தன என்பதைத்தான் அவர்கள் பார்க்கத் தவறினார்கள்.

அதில் ஒன்று சைக்கிள். அதே பயணத்தில் 200 கிலோ ஏற்றினால், ஆளின் சாப்பாடு 24 கிலோ போக 176 கிலோ சேரும். வியட்நாமின் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறத்தாழ 21,000 சைக்கிள்கள் இந்தப் போருக்கு உழைத்தன. இவற்றை யாரும் ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தார்கள். கண்காட்சிக்காக ஒரு பழைய வண்டியை அதேபோல் அமைத்துப் பார்த்தோம். கைப்பிடியின் இடது பக்கம் நீளமான மூங்கிலைச் சேர்த்துக் கட்ட வேண்டும். சுமையின் பக்கவாட்டில் நடப்பவர் அந்த மூங்கிலைப் பிடித்துத்தான் வண்டியைத் திருப்ப முடியும். இருக்கையைக் கழற்றி அந்தக் குழாயில் இன்னொரு கழியைச் செருகினால், அது தள்ளவும் சாயாமல் பிடிக்கவும் உதவும். சட்டத்துக்குக் கம்போ இரும்போ வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். டயர் வெடிப்பதுதான் பெரிய தொல்லை. கிழித்த துணியையும் பழைய டியூபையும் உள்ளே சுற்றிவைத்து அதைச் சமாளித்தார்கள். மூட்டைகளை இருபுறமும் அச்சுக்குத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். சற்று மேலே கட்டினாலும் முதல் பள்ளத்திலேயே வண்டி கவிழ்கிறது. இறக்கத்தில் பின்னாலிருந்து இன்னொருவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ளாவிட்டால் தனியாளால் நிறுத்தவே முடியாது. பழக்கப்பட்டவர்கள் 300 கிலோவுக்கு மேலும் தள்ளியிருக்கிறார்கள்.

சைக்கிளின் புகழில் லாரிகளை மறந்துவிடக்கூடாது. 600க்கும் மேற்பட்ட லாரிகள் இரவில் ஓடின. ஒரு அணிக்கு ஒரு பகுதிச் சாலை என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தினமும் அதே 30, 40 கிலோமீட்டரில் போய்வரும் ஓட்டுநருக்கு விளக்கில்லாமலே வளைவுகள் பழகிப்போகும். பாலம் உடைந்த இடத்தில் சுமையை இறக்கி, அக்கரையில் காத்திருக்கும் லாரியில் ஏற்றினார்கள். சாலையோர மரங்களின் உச்சிகளை வளைத்துக் கட்டி மேலே பந்தலாக்கினார்கள். குண்டு விழுந்த பள்ளத்தை மூட ஒவ்வொரு கணவாயிலும் ஆள்கள் முகாமிட்டிருந்தார்கள். மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இந்த வேலையில் இருந்தார்கள். 25,000 டன் அரிசி திரட்டப்பட்டது. பெண்கள் இதில் மிகப் பெரிய எண்ணிக்கையில் இருந்ததைக் கண்காட்சிப் பலகையில் முதல் வரியாகவே எழுதினோம்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகை எழுந்தால் விமானம் வரும். சமைக்காவிட்டால் வீரன் பச்சைத் தண்ணீரும் பழஞ்சோறுமாக நோயில் விழுவான். 308ஆம் பிரிவின் சமையல்காரர் ஹோவாங் காம் கண்டுபிடித்த அடுப்பு இதைத் தீர்த்தது. சரிவில் குழி வெட்டி அடுப்பை அதற்குள் இறக்குகிறார்கள். அதிலிருந்து மேட்டை நோக்கிப் பல வாய்க்கால்கள் கிளைக்கின்றன. அவற்றைக் குச்சிகளாலும் இலைகளாலும் மூடி, மேலே மண்ணைப் பரப்பி ஈரமாகவே வைத்திருக்கிறார்கள். புகை அதன் வழியே கசிந்து குளிர்ந்து, காலை மூடுபனிபோல் தரையோடு பரவிக் கலைந்துவிடும். மண் காய்ந்தால் வெடிப்பு விழுந்து புகை நேராக மேலே ஏறும். ஆகவே தண்ணீர் தெளிக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பீரங்கிகளுக்கு வருகிறேன். ஒரு 105 மி.மீ. பீரங்கி இரண்டு டன்னுக்கு மேல். லாரி போக முடியாத கடைசி மலைப்பாதையில் நூறு பேர் வரை கயிறு பிடித்து இழுத்தார்கள். சக்கரத்தின் பின்னாலேயே கட்டையோடு ஒருவர் நடந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் முட்டுக் கொடுத்தார். இறக்கம்தான் ஆபத்து. மரத்தில் சுற்றிய கயிற்றை விரல் விரலாக விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு நிறுத்திய பீரங்கிகளை, 1954 ஜனவரி 26 அன்று தாக்குதல் தொடங்குவதற்குச் சில மணி நேரம் இருக்கும்போது, திரும்ப இழுக்கச் சொல்லி வியட்மின் தளபதி ஜெனரல் ஜியாப் உத்தரவிட்டார். அவசரமாக அடித்தால் தோற்போம், நின்று நிதானமாக அடிப்போம் என்பது அவர் முடிவு. திரும்பும் வழியில் கயிறு அறுந்து உருண்ட விமான எதிர்ப்புப் பீரங்கியைத் தன் உடலால் தடுத்து உயிர்விட்டவர் தோ வின் தியன்.

அந்த ஆறேழு வாரத் தாமதத்தில்தான் போர் வெல்லப்பட்டது. பீரங்கிகள் மலையின் முன்சரிவுக்குள் குடைந்த அறைகளில், ஒவ்வொன்றாக, தள்ளித் தள்ளி வைக்கப்பட்டன. மேலே மீட்டர் கணக்கில் மண். சுடும் துளை மட்டும் வெளியே. வேறிடங்களில் மரத்தாலான போலிப் பீரங்கிகள் எதிரியின் குண்டுகளை வீணாக்கின. பிரெஞ்சுப் பீரங்கிகளோ எல்லாத் திசையிலும் சுட வேண்டும் என்பதற்காகத் திறந்த வட்டக் குழிகளில் நின்றன. மார்ச் 13 மாலை 5 மணிக்குக் குண்டுமழை தொடங்கியது. அன்றிரவே பெயாத்ரிஸ் அரண் விழுந்தது. 15 காலையில் கப்ரியேல். எதிரிப் பீரங்கிகளை அடக்கிவிடுவேன் என்று உறுதி சொல்லியிருந்த பீரங்கித் தளபதி பிரோத் கையெறி குண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார். மார்ச் 28க்குப் பிறகு அந்த ஓடுதளத்திலிருந்து எந்த விமானமும் எழும்பவில்லை. வான்குடை வழியே போட்டவற்றில் பெரும்பங்கு, அரண் சுருங்கச் சுருங்க, எதிரியின் கையில் விழுந்தது.

பிறகு நடந்தது மண்வெட்டிப் போர். நூறு கிலோமீட்டருக்கும் மேல் பதுங்கு அகழிகள் வெட்டப்பட்டன. ஓடுதளத்தருகே வெட்டியவர்கள் பெரிய வைக்கோல் உருளையை முன்னால் உருட்டிக்கொண்டு, அதன் மறைவில் தோண்டினார்கள். எலியான் 2 என்று பிரெஞ்சுக்காரரும் ஏ1 என்று வியட்நாமியரும் அழைத்த குன்று மார்ச் 30 முதல் மே 7 அதிகாலை வரை தாங்கியது. மேலே இருந்த பழைய அரசு மாளிகையின் நிலவறைதான் அதற்குக் காரணம். 30 டன் கணக்குக்கு ஈடான கூரை இருந்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று! கடைசியில் அடிவழியே சுரங்கம் குடைந்து, ஏறத்தாழ ஒரு டன் வெடிமருந்தை மே 6 இரவு வெடித்தார்கள். அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. மறுநாள் மாலை பிரெஞ்சு முகாமின் தளபதி தெ காஸ்திரி தன் தலைமைக்குழியில் பிடிபட்டார். தெற்கே தனித்து நின்ற இசபேல் அரண் அன்றிரவு முடிந்தது.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். அவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 3,300 பேர்தான். அந்தப் படையில் அல்ஜீரியர், மொராக்கோவினர், தாய் என்னும் இனத்து மலைமக்கள், வியட்நாமியர், அயல்நாட்டுப் படையணியினர் எல்லோரும் இருந்தார்கள். வியட்மின் தரப்பில் இறந்தவர்கள் ஹனோய்க் கணக்கில் ஏறத்தாழ 4,000. பிரெஞ்சு மதிப்பீடு அதைப்போல் இரு மடங்கு. இரண்டு எண்ணையும் பலகையில் அருகருகே வைத்தோம்.

நம் ஊருக்கு இந்தப் போர் அந்நியமானதல்ல. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் சைகோன் போய்வந்தவர்களும் இந்தோசீனாவில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, இருந்தவர்களும் உண்டு. தோல்விக்குப் பின் ஜூன் மாதம் பிரான்சில் பதவியேற்ற மாந்தெஸ்-பிரான்ஸ் அரசு ஜூலையில் இந்தோசீனப் போரை நிறுத்தும் ஜெனீவா உடன்பாட்டை முடித்தது. அதே அரசுதான் அக்டோபர் 21 அன்று நம்மை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதற்கு மூன்று நாள் முன்னர் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்திருந்தார்கள். ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணித்த ஆணையத்துக்கு இந்தியா தலைமை ஏற்றது. 1954 நவம்பர் 1 அன்று இங்கே மூவண்ணக்கொடி ஏறியது. அதே நாளில் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது.

கண்காட்சி மாதிரியைப் பற்றி, அடுத்து செய்பவர்களுக்காக ஒரு குறிப்பு. 1:5,000 அளவில் பள்ளத்தாக்கு 3.6 மீட்டர் வரும். முதலில் உயரத்தை மட்டும் இரட்டித்தோம். நடுக்குன்றுகள் கோட்டைபோல் நிமிர்ந்துவிட்டன. அது பொய்யான படம். உயரத்தையும் அதே அளவுக்குக் குறைத்ததும் ஏ1 ஒரு சென்டிமீட்டர் கூட எழவில்லை, சுற்றுமலைகள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நின்றன. 105 மி.மீ. பீரங்கி எட்டும் 11 கிலோமீட்டருக்கு 2.2 மீட்டர் நூலை மலையிலிருந்து பிடித்துக் காட்டினால் போதும்; விளக்கமே வேண்டாம். மணலோடு மூன்றில் ஒரு பங்கு களிமண் கலக்காவிட்டால் இரண்டாம் நாளே சரிவுகள் உதிர்ந்துவிடும்.

வரும் ஆண்டுக்கு அல்ஜீரியப் போரை எடுப்பதென்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். சொல்தா குடும்பங்களில் இந்தோசீனக் காலத்துப் படங்களோ ஓய்வூதியத் தாள்களோ இருந்தால் நகலெடுக்கக் கொடுத்து உதவ வேண்டும். மூலம் அன்றே திருப்பித் தரப்படும்.

செயலாளர்