பனையடியில் முளைக்கும் காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டலக் காடுகளை மீட்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமேசான் வந்தது, போர்னியோ வந்தது. எங்கள் செட்டிநாடு வரவில்லை. வெயில் காயும் செம்மண் பூமியில் ஏது காடு என்றுதான் யாரும் கேட்பார்கள். மழைக்காடு இல்லை, சரி. ஆனால் வீரை, பாலை, காசா என்ற மரங்கள் அதிக உயரம் போகாமல், கோடையிலும் பச்சை மாறாமல் நெருங்கி நிற்கும் காடு இந்த மண்ணுக்குரியது. இன்று அதில் மிச்சம் கிடப்பது பெரும்பாலும் அய்யனார் கோயில்களைச் சுற்றித்தான். சாமி குத்தத்துக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காமல் விட்டதால் தப்பியது. சின்ன வயதில் அங்கே பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொள்ள வீட்டுக்கு வந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கோயில் காட்டுக்கு வெளியே, பொட்டலில் ஒரு பனை நிற்கிறது. அதன் அடியில் குனிந்து பார்த்தால் வேம்பும் நாவலும் காரையும் விரல் உயரத்துக்கு முளைத்திருக்கும். கொண்டைக்குருவியும் வௌவாலும் போட்ட விதைகள். வருடா வருடம் முளைக்கும், வருடா வருடம் ஆடு கடித்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் அதைச் சுற்றி முள் அடைத்தோம். இப்போது வேம்பு என் தோளுக்கு வந்துவிட்டது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை.

அதே ஊரில் கண்மாய்க்கரையில் மேடை போட்டு மரக்கன்று நட்டார்கள். மாலை, மைக், போட்டோ எல்லாம் உண்டு. இப்போது குழிகள்தான் இருக்கின்றன.

தைலமரக் காடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காகிதக் கூழுக்காகச் சில வருடங்களுக்கு ஒரு முறை வெட்டுவதற்கென்றே வளர்ப்பவை. உள்ளே நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும், ஒரு பழம் தின்னும் குருவியைப் பார்க்க முடியாது. மழைநீர் வெளியே ஓடாமல் உள்ளே வரப்பும் குழியும் வெட்டிவிடுவதால் கண்மாய்க்கு வரத்து குறைகிறது என்று விவசாயிகள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க 2022-இல் இயக்கம் தொடங்கினார்களே, அந்தக் கணக்கில் தைலமரமும் வீரையும் ஒன்றுதானா? வெட்டியதும் காகிதமாகிப் போகும் மரமும், காற்றிலுள்ள கரியைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வைத்திருக்கும் மரமும் ஒன்றாகுமா?

ஊர்க்காரர்களை நம்பலாம். எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காவலுக்கு ஆள் போட்டா அதைச் செய்கிறார்கள்? தைலமரத்தை எடுக்கும் இடங்களில் கோயில் காட்டு விதையைப் போட்டு, அடைத்துக் காக்கும் வேலையை அந்தந்த ஊருக்கே கூலியோடு கொடுக்கட்டும்.

இதையெல்லாம் பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். யார் காட்டை வெட்டி எங்கள் வீட்டைக் கட்டினோம் என்பது தெரியாமல் இல்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்து மரம் நடு விழாப் படம் வெளியிட்டால், மறுவருடம் அதே குழியையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்