காலி என்ற ஊர் காலியாக இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'காலி' என்ற ஒற்றைச் சொல் ஊருக்கு ஊர் என்னவெல்லாம் பொருள் தருகிறது என்று அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையோடு, இரண்டாம் தடவை பேனாவோடு. அதில் வந்த வரி இது: "இலங்கையின் தெற்கே ஆளரவமற்றுக் கிடந்த கடற்கரை என்பதால் அந்த ஊர் காலி ஆயிற்று, கொழும்பிலுள்ள காலிமுகத்திடலும் வெறும் வெளியாகக் கிடந்ததால் பெற்ற பெயரே."

நான் காலியில் பிறந்தவள்.

ஆளரவமற்றுக் கிடந்த அந்தக் கரையில் சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹோ யாருக்காக ஒரு கல்வெட்டைக் கொண்டுவந்தார் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாவை, தமிழ்ப் பகுதி தேனவரைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாரை. இத்தனை பேருக்கும் புரியவேண்டும் என்று மெனக்கெட்டு வெட்டிய கல். 1911இல் காலியில் அதைக் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் பொறித்த கல்லை மதகுக்கு மூடியாகப் போட்டவர்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் பத்திரிகை நடத்தவில்லை.

பெயர் எப்படி வந்தது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. சிங்களத்தில் 'கல' என்றால் பாறை, அதிலிருந்து வந்தது என்பார்கள். மாடுகளை அடைக்கும் இடத்துக்கு 'கால' என்று பெயர், அதுதான் மூலம் என்பார்கள். போர்த்துகீசியர் தங்கள் மொழியில் சேவலைக் குறிக்கும் 'காலோ'வை இதில் கண்டுகொண்டார்கள். பின்னால் 1640இல் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்களும் அந்தச் சேவலை விடவில்லை. கோட்டையின் பழைய வாசலில், உட்புறம், 1669 என்று ஆண்டு போட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை இருக்கிறது. இரண்டு பக்கமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதை அண்ணாந்து பார்த்து "கொக்கரக்கோ" என்று கத்தாத பிள்ளை எங்கள் வகுப்பில் கிடையாது. பாறை, மாடு, சேவல் என்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். 'ஒன்றுமில்லை' என்று சொன்ன முதல் ஆள் உங்கள் கட்டுரையாளர்தான்.

காலிமுகத்திடல் விஷயம் இன்னும் எளிது. ஆங்கிலத்தில் 'கால் ஃபேஸ்' (வெள்ளைக்காரன் வாயில் எங்கள் ஊர் கால் ஆகிவிட்டது, நல்லவேளை அரைக்கால் ஆகவில்லை). அதைத் தமிழில் காலிமுகம் என்றார்கள். காலி ஊரின் பெயர் அதற்குள் இருக்கிறது, வெறுமை இல்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் காலி வீதி தெற்கே எங்கள் ஊரைப் பார்த்து ஓடுகிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகக் காத்துத் தருமாறு பின்வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல் இன்றும் அங்கே நிற்கிறது. 2022இல் அந்தத் திடலில் எத்தனை ஆயிரம் பேர் அரசை எதிர்த்து மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை உங்கள் முதல் பக்கமே படத்தோடு போட்டது. பழைய இதழைப் புரட்டினால் போதும்.

இதற்கா இவ்வளவு கோபம் என்று தாங்கள் நினைக்கலாம். இந்தச் சொல்லோடு நான் நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறேன், ஐயா.

இந்தியாவுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் படிவம் கொடுத்தேன். எழுத்தர் தலை நிமிராமல் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.

"பிறந்த இடத்தை நிரப்பலையேம்மா."

"நிரப்பியிருக்கேனே."

"காலின்னு எழுதியிருக்கீங்க. தெரியலைன்னா கோடு போடணும். காலின்னு எழுதக் கூடாது."

"ஊர்ப் பெயரே காலிதான்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன், வேறு வழியில்லை. கடைசியில் அவரே அதை அடித்துவிட்டு, 'கொழும்பு' என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் என் எல்லாக் காகிதங்களிலும் நான் கொழும்பில் பிறந்தவள். என் தாய் என்னைப் பெற்ற இடத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு வருவோம். 2010 ஜூலை 22இல் முத்தையா முரளிதரன் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது எங்கள் மைதானத்தில். உலகத்தில் வேறு யாருக்கும் வாய்க்காத எண்ணிக்கை, அதுவும் ஒரு தமிழர். நீங்கள் போட்ட தலைப்பு: 'காலியில் இந்தியா காலி'. 2015இல் இந்தியா 112 ரன்னுக்குச் சுருண்டபோதும் அதுவே. 2017இல் இந்தியா 304 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது; 'காலியில் இலங்கை காலி' என்று மாற்றினீர்கள். உழைப்பைப் பாராட்டுகிறேன். கொலம்பியாவிலும் ஒரு காலி உண்டு, 1536இல் ஸ்பானியர் நிறுவிய பெருநகரம். அங்கிருந்த போதைமருந்துக் கூட்டத்தை நீங்கள் 'காலிக் கும்பல்' என்று எழுதியபோது ஊரைச் சொன்னீர்களா, குணத்தைச் சொன்னீர்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஊரில் பிறந்த லட்சக்கணக்கான யோக்கியர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம் போலும். 'நாற்காலி'யை வரிக்கடைசியில் 'நாற்' என்று வெட்டி அடுத்த வரியில் 'காலி'யைத் தனியே நிறுத்துவதைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கடிதம் வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. பேருந்துகள் மிதந்ததை எல்லாத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். என் பெரியம்மா வீட்டிலிருந்து மூன்று நாள் தகவல் இல்லை. மறுநாள் உங்கள் இதழில் அதே சிலேடை வந்தது. அதைத் திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு உங்களுக்குக் கடிதம் எழுதவும் கை வரவில்லை.

கட்டுரையில் சரியானவையும் உண்டு, மறைக்க மாட்டேன். வெற்றிடம் என்ற பொருள் அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தது என்பது சரி. சவூதிப் பாலைவனமான ரூப் அல் காலியைச் சொன்னதும் சரி. அது உண்மையாகவே காலி. ஆனால் அந்த அரபியிலேயே அதே எழுத்தில் 'காலி' என்றால் 'என் தாய்மாமன்' என்றும் வரும். அங்கே வேலை பார்க்கும் என் மகன் சொன்னது. கென்யாவில் வீட்டு வாசல் பலகைகளில் நாய்ப் படத்துக்குக் கீழே சுவாஹிலி மொழியில் எழுதியிருக்கும் 'ம்ப்வா காலி'க்கு 'நாய் இல்லை' என்று பொருளில்லை, 'கடிநாய்' என்று பொருள். உங்கள் கட்டுரையாளர் அங்கே போனால் தயங்காமல் கேட்டைத் திறப்பார் என்று அஞ்சுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டுப் பொருளையே விட்டுவிட்டார். காலி என்றால் பசுக்கூட்டம். பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் வருவது காலிப் பின்னேதான். கன்றுகாலி என்று இன்றைக்கும் சொல்கிறோம். சுவாஹிலி வரை போய்த் தேடியவருக்குக் கொல்லைத் தொழுவம் தெரியவில்லை. தங்களைப் போல் தமிழ் கற்றவர் பார்வைக்கு இது எப்படித் தப்பியது என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு, எந்த மூலையிலாவது, இரண்டு வரித் திருத்தம். இனி எங்கள் ஊரைத் தலைப்பில் போடும்போது 'காலி நகர்' என்று ஒரு சொல் கூடுதலாகப் போட்டால் போதும். சிலேடை வேண்டுமென்றால் சேவலை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

இக்கடிதத்தை வெளியிட்டால் கீழே இருப்பதை இருக்கிறபடியே அச்சிடவும். பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும், தனித்தாளில்.

தங்கள் நெடுநாள் வாசகி
பிறந்த ஊர்: காலி (நிரப்பியாயிற்று)