ஹால் எஃபெக்ட் என விற்கப்பட்ட ஜொய்ஸ்ரிக் தொடர்பான முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
16.06.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

நின்டெண்டோ 64 வீடியோ விளையாட்டுக் கருவியின் கொன்ட்ரோலருக்கான மாற்று ஜொய்ஸ்ரிக்: பணத்தை மீளக் கோரல்

"ஹால் எஃபெக்ட், தேய்மானமே இல்லாதது" என்ற தங்கள் விளம்பரத்தை நம்பி, உரசலின்றிக் காந்தத்தால் இயங்கும் வகையென எண்ணி, கடந்த மே 26ஆம் திகதி இரண்டு ஜொய்ஸ்ரிக்குகளை ஒன்று 6,800 ரூபா வீதமும் அனுப்புகூலி 450 ரூபாவும் செலுத்தி, மொத்தம் 14,050 ரூபாவுக்கு வாங்கினேன். வந்து சேர்ந்தது விளம்பரத்திலிருந்த பொருள் அல்ல.

என் முதல் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதியவர் இந்தக் கொன்ட்ரோலரின் உட்புறத்தைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே சற்று விளக்க வேண்டியுள்ளது. 1996இல் வெளிவந்த இந்தக் கருவியின் மூல ஜொய்ஸ்ரிக்கில், துளையிட்ட இரண்டு சிறு சக்கரங்கள் சுழல, அத்துளைகளினூடாக விட்டுவிட்டு வரும் ஒளியை எண்ணியே, விரலால் சாய்க்கும் தண்டின் நிலை அறியப்படுகிறது. அந்த ஒளிப்பகுதி எளிதில் கெடுவதில்லை. தண்டின் அடிமுனை அதைத் தாங்கும் கிண்ணத்தோடு உராய்ந்து பிளாஸ்ரிக்தான் தேய்கிறது. சித்தப்பா 1999இல் கனடாவிலிருந்து கொண்டுவந்த எங்கள் கொன்ட்ரோலரைத் திறந்தபோது கிண்ணம் நிறையக் கற்பூரப்பொடி போன்ற வெண்தூள் இருந்தது. தண்டோ விழப்போகும் பாற்பல்லைப் போல ஆடியது. காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடாமல் இயங்கும் ஹால் எஃபெக்ட் வகையைத் தேடியதற்கு இதுவே காரணம். (அதிலும் தண்டின் மூட்டு தேயத்தான் செய்யும், "தேய்மானமே இல்லாதது" என்பது எப்படியும் மிகை.)

பொருத்துவதில் சிரமம் இருக்கவில்லை. மூன்று திருகாணிகளைக் கழற்றி, ஆறு கம்பிகள் கொண்ட இணைப்பை மாற்றினேன், அவ்வளவே. ஆனால் சுப்பர் மரியோ 64 விளையாட்டில், தண்டை மெல்லச் சாய்த்தால் நுனிக்காலில் நடக்க வேண்டிய மரியோ, விரல் பட்டதுமே ஓட்டம் பிடித்தார். யு.எஸ்.பி இணைப்பி மூலம் கணினியில் பார்த்தபோது, மூல ஜொய்ஸ்ரிக் முழுதாகச் சாய்க்கையில் 80 அளவில் காட்டிய பெறுமானத்தைத் தங்களுடையது பாதித் தூரத்திலேயே தாண்டி, இறுதியில் 110க்கு மேல் சென்றது. கையை எடுத்த பின்னரும் அது நடுநிலைக்குத் திரும்பாமல் இடப்புறமாக 6, 7 எனக் காட்டிக்கொண்டே நின்றது. எல், ஆர், ஸ்டார்ட் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தி நடுநிலையை மீளமைத்தும் பார்த்தேன். ஒருமுறை தண்டை அசைத்து விட்டால் மீண்டும் அதே கதைதான்.

இவற்றையெல்லாம் ஜூன் 3ஆம் திகதி எழுதியனுப்பியதற்கு, "மட்டக்களப்பின் உப்புக்காற்றால் பாகம் பழுதடைந்திருக்கலாம், மேலும் கொன்ட்ரோலரைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது" எனப் பதில் அனுப்பினீர்கள். பொதியைப் பிரித்த அன்றே காணப்பட்ட குறைக்கு எங்கள் ஊர்க் காற்றைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள இதே வீட்டில் அந்தக் கொன்ட்ரோலரின் மூலச் சுற்றுப்பலகை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பழுதின்றி இயங்குகிறது. திறக்காமல் பொருத்தவே முடியாத பாகத்தை விற்றுவிட்டு, திறந்ததைக் காரணங்காட்டி உத்தரவாதத்தை மறுப்பதென்றால், அந்த உத்தரவாதம் யாருக்காக எழுதப்பட்டது?

அப்பதில் கிடைத்த பின்னரே பாகத்தின் உட்புறத்தையும் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று கால்கள் கொண்ட பச்சைப் பெட்டியின் பக்கமூடியை ஊசிமுனையால் நெம்பியபோது, இலாட வடிவிலான கரிய தடமொன்றும் அதன்மீது உரசிச் செல்லும் மெல்லிய உலோக நாக்கும் தெரிந்தன. இது உரசலால் இயங்கும், எனவே தேயக்கூடிய சாதாரண மாறுந்தடை. காந்தம் எங்கும் இல்லை. தையல் ஊசிகூட எவ்விடத்திலும் ஒட்டவில்லை. மாறுந்தடை வகையை அப்பெயரிலேயே, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திராது.

எனவே, பொதி பிரிக்கப்படாத இரண்டாவது ஜொய்ஸ்ரிக்கையும் பொருத்திப் பார்த்ததையும் தங்கள் செலவில் மீளப்பெற்று, அனுப்புகூலி உட்பட 14,050 ரூபாவையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், விளம்பரத்தைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பாகம் எனக்கு வேண்டாம். தவறும்பட்சத்தில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அச்சபையிடம் எழுத்துமூலம் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, திறந்த பாகத்தின் நான்கு புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்